எழுத்தின் மேல் சரிகை வேண்டாம்

தென்னேரி,
காஞ்சிபுரம் மாவட்டம்.

நம் ஊர்க் கதைகளை வைத்து வீடியோ கேம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

காஞ்சிப் பட்டு, பல்லவர் கோயில், சோழர் கப்பல், கரிசல் காடு என்று நம் மண்ணைத் திரையில் கொண்டுவர நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்த குழு, பகலில் ஒரு வேலை, இரவில் உங்கள் கேம். முதலீடு போட ஆள் கிடையாது. அப்படியிருந்தும் உங்களில் சிலர் செய்துகொண்டிருக்கும் விளையாட்டுகளின் சோதனைப் பதிப்புகளை ஆடிப் பார்த்தபோது, ஓவியத்தின் தரத்தில் உலகத்தில் யாருக்கும் நீங்கள் சளைத்தவர்கள் இல்லை என்று தோன்றியது. மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் பல விளையாட்டுகளில் முதல் ஐந்து நிமிடத்திலேயே கை நின்றுவிடுகிறது. எதைத் தொட வேண்டும், எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது, இப்போது செய்யச் சொன்ன வேலை என்ன என்பது பிடிபடவில்லை. ஒன்றில் மெனுப் பலகை முழுக்கக் கோபுரச் சிற்பம். அதன் நடுவே எங்கோ ‘தொடர்க’ என்ற சொல். இன்னொன்றில் பொத்தான்கள் எல்லாம் கோலப் புள்ளிகள். எது பொத்தான், எது வெறும் கோலம் என்று தொட்டுத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு அழகைச் செய்துவைத்துவிட்டு, ஆட வந்தவரை வாசலிலேயே நிற்கவைத்துவிடுகிறீர்களே என்ற ஆதங்கத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

திரை வடிவமைப்பு என் தொழில். நெசவு நான் பிறந்த வீட்டின் தொழில். இந்த வட்டாரத்தில் பட்டுத் தறியைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. உங்களில் பலர் ‘காஞ்சிபுரம் தீம்’ என்று சொல்லி எடுப்பது சேலையின் மேற்பரப்பை மட்டும்தான்: ஒரு யாளி, ஒரு மயில்கண், கொஞ்சம் பொன்னிறம். சேலை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் உங்கள் வேலைக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்குக் கரை தனி, உடல் தனி, முந்தி தனி. கனத்த சரிகையும் அன்னமும் கோபுரமும் ருத்ராட்சமும் கரையிலும் முந்தியிலும் கூடி நிற்கும். உடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். புட்டா என்ற சின்னப் பூ வேலை வந்தாலும் இடைவெளி விட்டு வரும். உடுத்துகிறவர் நடக்க, உட்கார, மடிக்க வேண்டிய பகுதி உடல்தான். கோர்வை போட்டு நெய்யும்போது கரையும் உடலும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்கின்றன, ஆனால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் கலப்பதில்லை. உங்கள் திரையிலும் அலங்காரத்துக்கு ஓரம் இருக்கிறது, தலைப்பு இருக்கிறது, ஏற்றும் திரை இருக்கிறது. ஆடுபவரின் கண்ணும் விரலும் உழைக்கும் நடுப்பரப்பை விட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டு நிறங்களை அப்படியே திரைக்கு எடுப்பவர்கள்தான் அதிகம். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்தானால் 3-க்கு 1 போதும் என்பது இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வகுத்த அளவு. இதைக் கணக்கிட்டுக் காட்டும் இலவசக் கருவிகள் ஏராளம். சரிகைப் பொன்னை அடர் அரக்கின் மேல் வைத்துப் பாருங்கள், 6-ஐத் தாண்டும். அதே பொன்னைச் சந்தன நிறத்தின் மேல் வைத்தால் 2-ஐக்கூடத் தொடாது. அரக்குச் சிவப்பும் இலைப் பச்சையும் கல்யாணச் சேலையில் கண்ணைப் பறிக்கும் ஜோடி. திரையில் பச்சைப் பலகைமேல் அரக்கு எழுத்து வைத்தால் இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாகி எழுத்து மங்கிவிடும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத கண்கள் உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை நிறக்குறைபாடு உண்டு. நம் நாட்டில் விகிதம் குறைவு என்றாலும், உங்கள் கேமை ஆயிரம் பேர் இறக்கினால் அவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிச்சயம் பலர் இருப்பார்கள். எதிரி சிவப்பு, நண்பன் பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பி வைக்காதீர்கள். வடிவத்தையும் மாற்றுங்கள்.

இன்னொன்று. கருவியில் ஒரு புள்ளியின் நிறத்தை எடுத்து அளந்துவிட்டு ‘தேறிவிட்டது’ என்று இருந்துவிடக் கூடாது. புட்டா நிறைந்த பின்புலத்தில் ஒரு சொல்லின் முதல் எழுத்து அரக்கின் மேலும் அடுத்த எழுத்து சரிகையின் மேலும் விழும். எழுத்து வரும் இடத்தில் மட்டும் ஒற்றை நிறத் துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். ஓவியருக்கு வருத்தமாக இருக்கும். ஆடுபவருக்கு நிம்மதியாக இருக்கும்.

இனி எழுத்து. நம் இடைமுகங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து உருவான வழக்கங்களைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறோம். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் ஆங்கில எழுத்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் பழைய கேம்களின் பிக்சல் எழுத்து அவ்வளவு அழகு. அதே கட்டத்தில் ‘ண’வையும் ‘ன’வையும் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாது. ‘ஞ’ என்ன ஆகும் என்று யோசியுங்கள். மேலே விசிறி, கீழே சுழி, தலையில் புள்ளி என்று தமிழ் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கும். வரிக்கும் வரிக்கும் இடையே ஆங்கிலத்துக்குக் கொடுக்கும் இடைவெளியைக் கொடுத்தால் மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி சின்ன அளவில் காணாமல் போனால் சொல்லே வேறாகிவிடும். கோயில் கல்வெட்டில் புள்ளி இல்லாமல் வாசிப்பது அறிஞர்களுக்குப் பழக்கம், பேருந்தில் நின்றுகொண்டு ஆடும் பிள்ளைக்கு அது பழக்கமில்லை.

பழைய காலத்தைக் காட்ட வேண்டுமென்று 1978-க்கு முந்தைய எழுத்து வடிவங்களைச் சிலர் பயன்படுத்துகிறீர்கள். அந்த ஆண்டு தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் ‘லை’, ‘னை’ போன்றவை யானைத் தும்பிக்கை வளைவோடு இருந்தன. 1960-களின் சினிமாக் கொட்டகையில் நடக்கும் கதைக்கு அந்தத் தும்பிக்கை எழுத்து தலைப்பிலும் சுவரொட்டியிலும் வந்தால் எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘விளக்கை அணை’ என்று ஆடுபவருக்குக் கட்டளை சொல்லும் வரியில் அது வரக் கூடாது. இன்று பதினைந்து வயதாகும் பிள்ளை அதைப் பள்ளியில் படித்ததே இல்லை.

தொழில்நுட்பத்திலும் ஒரு குழி இருக்கிறது. தெரியாமல் விழுந்துவிடாதீர்கள். யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், அடுத்து ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் நகர்த்திக் காட்டுவது எழுத்துக் கோர்ப்பு மென்பொருளின் வேலை. ‘கொ’ ஆனால் ஒரு குறியை இரண்டாகப் பிரித்து இருபக்கமும் வைக்க வேண்டும். யூனிட்டி எஞ்சினில் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இந்த வேலையைத் தானாகச் செய்வதில்லை; கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் விளையாட்டுகளில் ‘பெயர்’, ‘வெற்றி’, ‘தொடர்க’ எல்லாம் உடைந்து தெரிவதன் காரணம் இதுதான். 2023 மார்ச்சில் வெளிவந்த கோடோ 4 எஞ்சின், ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூல எழுத்துக் கோர்ப்பியை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. தமிழ் அதில் ஒழுங்காக வருகிறது. அன்ரியல் எஞ்சினிலும் வரும். எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முதல் நாளிலேயே ‘கௌ’, ‘ஸ்ரீ’, ‘னொ’ மூன்றையும் அடித்துப் பார்த்துவிடுங்கள். கேம் முக்கால்வாசி முடிந்தபின் கண்டுபிடித்துவிட்டு, ‘சரி, தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் வெளியிடுவோம்’ என்று முடிவெடுத்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன். காஞ்சிபுரத்துக் கதை காஞ்சிபுரத்துப் பிள்ளைக்குப் புரியாத மொழியில் வெளிவருகிறது. இதைவிட வருத்தம் எனக்கு வேறில்லை.

எழுத்துருவுக்குக் காசு இல்லை என்ற கவலையும் தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விளையாட்டோடு சேர்த்து விற்கலாம். கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கவிவனார் இருக்கிறது. அலங்கார எழுத்துரு ஒன்றைத் தலைப்புக்கு, தெளிவான ஒன்றை மற்ற எல்லாவற்றுக்கும் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொத்தான்களைத் தமிழ்ச் சொல்லின் நீளத்தைப் பார்த்தபின் அளவெடுங்கள். தொடும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும்; ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபி என்பது அந்த அளவுதான்.

இதெல்லாம் வெளிநாட்டு விதி, நம் மரபு அலங்காரத்தில் ஊறியது என்று உங்களில் ஒருவர் என்னிடம் வாதாடினார். நம் மரபை இன்னொரு முறை போய்ப் பார்க்கச் சொன்னேன். காஞ்சி கைலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுற்றுச் சுவரை ஒட்டி 58 சிறு சந்நிதிகள். அவற்றில் அரசனின் பட்டப்பெயர்களை வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். கிரந்தம், நாகரி என்று எழுத்து மாறுகிறது. ஒரு வகை எளிய வரிவடிவம், மற்றொரு வகை கொடியும் சுருளுமாக அலங்கரித்த வடிவம். அலங்காரத்தில் ஆசை இருந்த சிற்பிகள் எளிய வடிவத்தையும் விடவில்லை. வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபத்துக்குப் போங்கள். பல்லவ வம்சத்தின் கதையைச் சிற்பத் தொகுதிகளாக வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். நந்திவர்ம பல்லவமல்லன் அரியணை ஏறிய கதை வரும் இடத்தில் சிற்பங்களுக்குக் கீழே விளக்கம் எழுதியிருக்கிறது. படம் மேலே, விளக்கம் கீழே. படத்தின் மேல் எழுத்தைப் பூசவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் ஒருவர் எடுத்த முடிவு அது.

விளையாட்டிலேயே எடுத்துக்காட்டு வேண்டுமா? கோயில் மண்டபத் தரைகளில் கீறியிருக்கும் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, சில கோடுகள். புலியின் படம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஆடும்போது காடு, மந்தை, பதுங்கல், சுற்றிவளைப்பு எல்லாம் கண்முன் வருகிறது. ஏன்? புலி தாவும், ஆடு தாவாது. ஆடு கூட்டமாக நின்றால் புலி மாட்டிக்கொள்ளும். தீம் விதிக்குள் இருக்கிறது. பரமபதம் நேர்மாறு: கட்டத்துக்குக் கட்டம் ஓவியம், பாம்பு, ஏணி, உச்சியில் வைகுண்டம். இருந்தும் சோழியை உருட்டியவருக்கு அடுத்த கட்டம் எது என்பதில் குழப்பமே வருவதில்லை, ஏனென்றால் கட்டத்தின் கோடும் எண்ணும் ஓவியத்துக்கு அடியில் புதையாமல் மேலே நிற்கின்றன. எளிமை, அலங்காரம் இரண்டும் நமக்குத் தெரிந்தவைதான்.

இந்தக் காலத்துக்கு வருகிறேன். வெண்பா என்ற விளையாட்டை நீங்கள் எல்லோரும் ஆடியிருப்பீர்கள். ஆடாதவர்கள் உடனே ஆடுங்கள். டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்து 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், தனிக் குழுக்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும்பரிசையும் பெற்றது. அதன் இடைமுகத்தை மட்டும் தனியாக ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அம்மாவின் சமையல் குறிப்பேடு, ஆங்காங்கே கிழிந்து, கறைபட்டு இருக்கிறது. அதுவே ஆடுபவரின் வழிகாட்டி, அதுவே புதிர். இட்லித் தட்டுகளை எப்படித் திருப்பி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்று கண்டுபிடிக்க வேண்டும். குறிப்பேட்டில் எது அழிந்திருக்க வேண்டுமோ அது அழிந்திருக்கிறது. எதைப் படிக்க வேண்டுமோ அது பளிச்சென்று இருக்கிறது. மங்கல் தற்செயலாக வந்ததல்ல. தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம், தெரியவில்லை என்றால் துப்பு கேட்கலாம். தமிழ்ச் சமையலறையை அறியாத ஒருவர்கூட முதல் இட்லியை வேகவைத்து எடுத்துவிடுகிறார். விளையாட்டின் தமிழ்த்தன்மையை அவர்கள் தோரணமாகத் தொங்கவிடவில்லை. அரிசி மாவிலும் ஆவியிலும் வானொலிப் பாட்டிலும் வைத்துவிட்டார்கள்.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் கொண்டுவந்த ராஜி என்ற விளையாட்டிலும் இதைப் பார்க்கலாம். கதைக் காட்சிகள் நிழற்பாவைக் கூத்தாக வருகின்றன. மண்டல வளையங்களைத் திருப்பிச் சேர்த்தால் படம் கூடி, அக்கா தம்பியின் பழைய கதை விரியும். கை செய்யும் வேலையே அலங்காரத்தை நிறைவாக்குகிறது.

வெளியூரில் இந்த வழியை இன்னும் தூரம் கொண்டுபோனவர்கள் உண்டு. 2008-ல் வந்த டெட் ஸ்பேஸ், நாயகனின் உயிர் அளவை அவன் முதுகுத்தண்டில் ஒளிரும் பட்டையாக வைத்தது; திரை ஓரத்தில் எந்தப் பட்டையும் இல்லை. 2018-ல் லூக்கஸ் போப் செய்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் முழுவதும் இரண்டே நிறம். அறுபது பேருக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும். மூன்று பேரின் விதி சரியாக விழுந்ததும் அச்சாகி நின்றுவிடும். உங்கள் கேமில் பனையோலைச் சுவடி, கணக்குப் புத்தகம், ரேஷன் அட்டை எதை வைத்தாலும் இந்தப் புத்தகத்தைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

‘எல்லாவற்றையும் தெளிவாக்கினால் எங்கள் கேமும் மற்றதைப் போல வெறுமையாகிவிடாதா’ என்று கேட்பீர்கள். நியாயமான பயம். 2016-ல் ஜப்பானில் வந்த பெர்சோனா 5-ன் மெனுவைப் பாருங்கள்: சிவப்பு, கறுப்பு, வெள்ளை, கோணல்மாணலான எழுத்துகள், எல்லாம் துள்ளும். அந்த ஆர்ப்பாட்டத்துக்கு நடுவிலும் இப்போது எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அடக்கி வாசிக்கும்படி நான் சொல்லவில்லை. எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது இரண்டாவது, எது வேண்டும்போது மட்டும் என்று முடிவெடுத்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடுங்கள்.

நெசவை வைத்துக் கேம் செய்ய நினைக்கும் தங்கைகளுக்குத் தனியாக ஒரு யோசனை. கோர்வைக் கரைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து, அந்தப் பக்கத்து நாடாவை வாங்கித் திருப்பித் தருவார். பல வீடுகளில் அது மனைவி, அல்லது பிள்ளை. இருவரின் தாளம் ஒன்று தப்பினால் கரையில் தெரிந்துவிடும். இருவர் சேர்ந்து ஆடும் விளையாட்டுக்கு இதைவிட நல்ல விதி எங்கே கிடைக்கும்? திரையில் பாவு, அதன் மேல் ஓடும் நாடா, இரண்டு விரல்கள் போதும். மயில்கண் படம் ஒன்றுகூட வைக்காவிட்டாலும், அதை ஆடி முடிப்பவருக்குப் பட்டுச் சேலையின் கரையில் இருவரின் உழைப்பு இருப்பது கையால் தெரிந்திருக்கும். இழை அறுந்தால் பிணைக்க வேண்டும். முந்தி வேறு நிறமாக மாறும் இடத்தில் பிட்னி என்ற இணைப்பைப் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கட்டமாகும். இந்த வேலைகளைப் படமெடுத்து வைப்பதோடு நிற்காமல் ஒரு நாள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சோதனை என்றால் உங்கள் குழுவின் பெரிய திரையில், ஏசி அறையில், கேம் பழகிய நண்பர்களை வைத்து ஆடவிடுவதோடு முடித்துவிடுகிறீர்கள். உங்கள் விளையாட்டு உண்மையில் ஆடப்படப்போவது விலை குறைந்த கைபேசியில், வெயிலில், விரிசல் விழுந்த கண்ணாடிக்கு அடியில். அப்படி ஒரு கைபேசியில் ஏற்றுங்கள். அம்மாவிடம், சித்தப்பாவிடம், தறியில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். கண்ணாடி போடாமல் படிக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக்கொடுக்காதீர்கள், ‘அங்கே தொடுங்க அக்கா’ என்று விரலை நீட்டாதீர்கள். அவர்கள் விரல் தயங்கும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுத் தேதியை அறிவிப்பதற்கு முன் அந்தத் தாளில் உள்ளதையெல்லாம் சரிசெய்யுங்கள். புதிதாக ஒரு யாளி வரைவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தென்னேரியிலிருந்து உங்கள் அக்கா